காரில் போய் நடந்தவன்

கார் நுழையாத கடைத்தெருக்களைப் பற்றி என்னிடம் யாராவது வாய் கொடுத்தால் லேசில் விடமாட்டேன். டோக்கியோவின் கின்ஸா கடைவீதியில் 1970 ஆகஸ்ட் 2 அன்று ஆரம்பித்த பழக்கம், இன்றும் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் பகல் 12 மணிக்கு மேல் வாகனங்களை வெளியே நிறுத்திவிட்டு நடுரோட்டில் நாற்காலி போட்டுவிடுகிறார்கள் என்பேன். கொலம்பியாவின் போகோட்டா நகரத்தில் 1974-லிருந்து ஞாயிறு காலைகளில் சாலைகளை மூடுகிறார்கள், இப்போது அது 120 கிலோமீட்டருக்கும் மேல் என்பேன். அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும், நம்ம சென்னை மாநகராட்சியே 2014-ல் மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை நிறைவேற்றியதே, போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் போகவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதே என்று முடிப்பேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு நிறைவு வரும்.

இவ்வளவும் பேசிவிட்டு, தாம்பரம் பக்கத்துச் சேலையூரில் என் வீட்டு வாசலில் நிற்கும் காரை எடுத்துக்கொண்டு தி.நகர் பாண்டிபஜாருக்குப் போவேன். அங்கே இறங்கி, அகலமான நடைபாதையில் கைவீசி நடப்பேன். நடந்துகொண்டே, "இப்படித்தான் இருக்கணும் ஊரு" என்று மனைவியிடம் சொல்வேன். அவள் பதில் பேசமாட்டாள். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது.

இது ஏதோ அவசரத்துக்கு ஒரு தடவை நடந்ததல்ல. தீபாவளி, பொங்கல், பெண்ணின் பிறந்தநாள், சொந்தத்தில் கல்யாணம் என்று எது வந்தாலும் கார்தான். இதற்கு எந்தச் சாக்கும் செல்லாது என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்திலிருந்து மாம்பலத்துக்கு 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை, அடுத்தது மாம்பலம். டிக்கெட்டுக்கு ஒரு டீ விலைகூட ஆகாது. முன்பெல்லாம் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்திக் கரையேற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 2023 மே மாதம் அந்தச் சாக்கும் போயிற்று. ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரைக்கும் 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை போட்டுத் திறந்துவிட்டார்கள். லிஃப்ட் இருக்கிறது, எஸ்கலேட்டர் இருக்கிறது.

பிறகு அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். "அம்மாவால படி ஏற முடியாது, அதான் கார்" என்று யார் கேட்டாலும் சொல்வேன். அம்மா கூட வராத நாளிலும் சொல்வேன். ஒருமுறை அம்மாவின் காதிலேயே இது விழுந்துவிட்டது. "எனக்கு ட்ரெயின்தான்டா சௌகரியம். காலை நீட்டி உக்காந்துக்கலாம். ஒன் கார்ல மடக்கி உக்காந்து ஏசி காத்துல முட்டி பிடிச்சுக்குது" என்றாள். அன்றைக்கும் காரில்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

காரணம் முழங்கால் இல்லை. எங்கள் அப்பா வேலைக்குப் போன காலம் முழுக்க சீசன் டிக்கெட்காரர். காலையில் தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷன் வரை போய் இரவு திரும்புவார். சட்டையின் முதுகு கசங்கியிருக்கும், டிபன் பை நசுங்கியிருக்கும். நானும் கல்லூரிக் காலத்தில் அதே ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினவன். கடன் வாங்கி கார் வாங்கிய பிறகு, ஒரு கையில் ஜவுளிக்கடைப் பை, ஒரு கையில் பாத்திரக்கடைப் பையோடு மாம்பலம் பிளாட்பாரத்தில் நிற்பதை எங்கள் தெருக்காரர் யாராவது பார்த்துவிட்டால்? 'கார் என்ன ஆச்சு சார்' என்று கேட்பார்களே. தவணை கட்ட முடியாமல் விற்றுவிட்டான் என்று நினைப்பார்களே. இந்த அற்ப பயம்தான். ரயிலில் ஏறினால் நான் பழையபடி அந்தக் கசங்கின சட்டைக்குள் போய்விடுவேன் என்று எனக்குத் தோன்றியது. எழுதும்போதே கூசுகிறது.

பாண்டிபஜாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தியாகராய சாலைதான் அது. சுயமரியாதை இயக்கத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரில் சௌந்தரபாண்டியனார் அங்காடி. பெயர்ப்பலகையில் அப்படி இருந்தாலும் நமக்குப் பாண்டிபஜார்தான். ஒரு காலத்தில் பெரிய ஏரியாக இருந்த இடத்தைத் தூர்த்து, நூறு வருஷத்துக்கு முன்னால் நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் எழுப்பிய பேட்டை தி.நகர். பனகல் பார்க்கிலிருந்து கிளம்பினால் இருபுறமும் மரம். மரத்தடியில் வளையல், கிளிப், கைக்குட்டை, செருப்பு, கொலு பொம்மை. நடைபாதை முழுக்க வியாபாரிகள்தான். அவர்களை 2013-ல் மாநகராட்சி கட்டிக்கொடுத்த வணிக வளாகத்துக்குள் அனுப்பினார்கள். அப்போது நான் கைதட்டினேன். "அப்பாடா, இனிமே நடக்கலாம்" என்றேன்.

அதற்குப் பிறகு வந்தது நடைபாதை வளாகத் திட்டம். கட்டுவதற்கு முன்னாலேயே தற்காலிகத் தடுப்புகளை வைத்து, வண்டிகளை விலக்கி, சோதனை நடத்திப் பார்த்தார்கள். ஜனங்கள் நடுரோட்டில் நடந்தார்கள், குழந்தைகள் ஓடினார்கள். வாகனமே இல்லாத கடைவீதி என்று பேச்சு எழுந்தது. கடைசியில் 2019 நவம்பர் 13 அன்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்தபோது, நடைபாதை அகலமாகியிருந்தது, பெஞ்சுகள் வந்திருந்தன, பிள்ளைகள் ஏறி விளையாட உருவங்கள் இருந்தன, வண்டி ஏறாமல் இருக்கக் குட்டிக் குட்டிக் கல்தூண்கள் இருந்தன. நடுவில் வாகனங்களும் போய்க்கொண்டிருந்தன. நாலே மாதத்தில் கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்குள் பூட்டியது. ஊரடங்கு முடிந்து ஜனங்கள் திரும்பினபோது இருசக்கர வண்டிகள் கல்தூண்களுக்கு நடுவே நுழைந்து நடைபாதையில் ஏறக் கற்றுக்கொண்டிருந்தன.

காரை நிறுத்த இடமில்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தணிகாசலம் சாலை முனையில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டி வைத்திருக்கிறார்கள், இருநூறுக்கும் மேற்பட்ட கார்கள் நிற்கும். நான் அதற்குள் நுழைய மாட்டேன். ஆயிரக்கணக்கில் பட்டுப்புடவைக்குக் கொடுத்துவிட்டு, காரை நிறுத்தக் கட்டணம் கொடுக்கச் சொன்னால் எனக்கு வயிறு எரியும். பக்கத்துச் சந்துகளில் எவர் வீட்டு கேட்டுக்கு முன்னாலாவது செருகிவிட்டு வருவேன். 'நோ பார்க்கிங்' பலகையில் வீட்டுக்காரர் கெஞ்சலாக எழுதியிருந்தால் அந்த வீட்டில் செருகுவேன். மிரட்டலாக எழுதியிருந்தால் அடுத்த வீடு.

இனி, இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணம்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. சந்துகள் எல்லாம் நிரம்பிவிட்டன. சுற்றிச் சுற்றி வந்ததில், ஒரு குறுக்குத் தெரு பாண்டிபஜாரில் வந்து சேரும் முனையில் காலி இடம் ஒன்று தெரிந்தது. இவ்வளவு கூட்டத்தில் இந்த இடம் மட்டும் எப்படிக் காலியாக இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. யோசித்தேன், ஆனால் நிறுத்தினேன் என்பதுதான் நிஜம். நடைபாதை அங்கே சரிவாக இறங்கித் தெருவைத் தொடுகிறது. கல்தூண்களுக்கு நடுவே அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அதிக இடைவெளி. அது சக்கர நாற்காலிக்கான வழி. காரின் மூக்கை அந்தச் சரிவின் மேல் வைத்து, கண்ணாடியை மடக்கிவிட்டு இறங்கினேன்.

மனைவியும் பெண்ணும் கடைக்குள் போனார்கள். நான் இருபது தப்படி தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மசாலா சோளம் தின்றுகொண்டிருந்தேன். அப்போது அந்தக் குறுக்குத் தெருவிலிருந்து சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். மடியில் ஒரு மஞ்சள் பை. பின்னாலிருந்து தள்ளி வந்தது ஒரு பெண், பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிற வயசு. காருக்கு முன்னால் வந்து நின்றார்கள். அந்தப் பெண் இடது பக்கம் போய்ப் பார்த்தாள், சக்கரம் நுழையாது. வலது பக்கம் குப்பைத்தொட்டி. அருகில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டாள்.

"அக்கா, இந்தக் காரு யாருதுக்கா?"

"தெரியல கண்ணு. கடைக்குள்ள எங்கனா போயிருப்பாங்க."

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அவள் பார்வை வந்தது. என்மேலும் வந்தது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. எழுந்து போய் ஒரு நிமிஷத்தில் காரை எடுத்திருக்கலாம், "மன்னிச்சிரும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கைப்பேசியைக் குனிந்து பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை, திரைகூட எரியவில்லை. இத்தனை பேர் பார்க்க எழுந்து, 'அந்தக் கார் என்னுது' என்று காட்டிக்கொள்ள என்னால் முடியவில்லை.

"வுடும்மா, ரோட்டுலயே போலாம்" என்றார் அவர். அதில் கோபம் இல்லை. பழகிப்போன குரல். அந்தப் பெண் நாற்காலியைத் திருப்பி, ஆட்டோவுக்கும் பைக்குக்கும் நடுவில் பிரதான சாலையில் இறங்கினாள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அவள் தோள்கள் ஒருமுறை குலுங்கின. அடுத்த சரிவு வரும்வரை அந்த நாற்காலி வாகனங்களோடு வாகனமாகப் போவதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து முழுசாகப் பார்த்தேன்.

மனைவி வந்து, "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள்.

"சோளம் காரம்" என்றேன்.

அவளிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை. அச்சில் வந்தால் படித்துக்கொள்ளட்டும். நடைபாதை வியாபாரிகளை அகற்றியபோது கைதட்டினேன் என்று சொன்னேன் அல்லவா? என் கார் அடைத்துக்கொண்டு நின்ற இடத்தில் நாலு பூக்காரம்மாக்கள் தாராளமாக உட்காரலாம். அவர்களாவது சக்கர நாற்காலி வந்தால் கூடையை நகர்த்தியிருப்பார்கள்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு நாள் கோழைத்தனம் என்று நானே என்னை மன்னித்திருப்பேன். அடுத்தது அதைவிட மோசம், ஏனென்றால் அதை யோசித்துச் செய்தேன்.

எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் வழக்கம்போல நான் கின்ஸா புராணத்தை அவிழ்த்துவிட்டேன். கூட்டத்தில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார். "சார், நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு. நம்ம சண்முகம் ரோட்ட ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் வண்டி இல்லாம பண்ணச் சொல்லி மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதுங்களேன். நீங்க எழுதுங்க, நாங்க கையெழுத்து போடறோம்."

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை தெரியாதவர்களுக்கு: ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டியதும் ஆரம்பிக்கிற கடைத்தெரு. ஜவுளி, நகை, பாத்திரம், காய்கறி எல்லாம் அங்கேதான். சுற்றுவட்டார ஜனங்கள் பண்டிகைக்கு வந்து குவிகிற இடம். ஞாயிறு சாயங்காலம் தள்ளுவண்டி, ஷேர் ஆட்டோ, பைக், கார், நடுவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா. பாண்டிபஜாருக்கு ஒரு நியாயம் உண்டென்றால் அது இந்தத் தெருவுக்கு இரண்டு மடங்கு உண்டு.

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? 'எழுதிட்டேன் சார்' என்றுதானே? நான் சொன்னது இது: "அது அவ்வளவு சுலபமில்ல சார். வியாபாரிங்க பொழப்பு கெட்டுடும். ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? அந்த வண்டி எல்லாம் ஜி.எஸ்.டி.ல வந்து நின்னா தாம்பரமே ஸ்தம்பிச்சுடும்." சரளமாக வந்தது. இத்தனை நாள் எதிர்த்தரப்பு பேசியதை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன் போலிருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் பதில் எனக்குத் தெரியும். வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்றால், ரங்கநாதன் தெரு என்றைக்கோ இழுத்து மூடியிருக்க வேண்டும். அங்கே காரை ஜனங்களே தடுத்துவிட்டார்கள். கார் நுழைய முடியாத அந்தச் சின்னத் தெருவில் நடக்கிற வியாபாரத்துக்குத் தமிழ்நாட்டில் ஈடு சொல்ல இன்னொரு தெரு தேடவேண்டும். பெங்களூருவின் சர்ச் தெருவில் 2020 நவம்பரிலிருந்து சில மாதங்கள் சனி, ஞாயிறுகளில் வண்டிகளை நிறுத்திப் பார்த்தார்கள், ஊர் ஸ்தம்பித்துவிடவில்லை. மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றி சித்திரை வீதிகளில் வண்டி கிடையாது. புதுச்சேரி கடற்கரைச் சாலையை மாலை ஆறு மணிக்கு அடைத்துவிடுகிறார்கள். இரண்டு ஊர்களுக்கும் நான் போய் நடந்து, படம் எடுத்து, எல்லாருக்கும் அனுப்பியவன். ஆம்புலன்ஸைப் பொறுத்தவரை, ஜனங்கள் விலகி வழிவிடுவார்கள். விலக முடியாமல் நிற்பது நானும் என் காரும்தான்.

அப்படியானால் ஏன் எதிர்த்தேன்? ஞாயிறு சாயங்காலம் நான் சண்முகம் சாலைக்குக் காரில் போகிறவன். வழக்கமான காய்கறிக் கடைக்கு முன்னால் நிறுத்தி, இறங்காமலேயே கண்ணாடியை இறக்கி, "தம்பி, ரெண்டு கிலோ வெங்காயம், ஒரு கிலோ தக்காளி, கொத்தமல்லி கொஞ்சம் பாத்துப் போடு" என்பேன். பையன் பையைக் கொண்டுவந்து சன்னல் வழியாக நீட்டுவான். மிச்சச் சில்லறையையும் அவனே கொண்டுவருவான். பின்னால் நிற்கிற வண்டிகள் அதுவரை ஹாரன் அடிக்கும், அடிக்கட்டும். எனக்கு ஊரில் கிடைக்கிற ஒரே ராஜ மரியாதை அது. அதை எப்படி விட்டுக்கொடுப்பேன்? தியாகராய சாலையை மூடச் சொல்லலாம், அது அடுத்தவர் தெரு. கின்ஸாவை மூடினால் இன்னும் நல்லது.

ரயில்வேக்காரர் என்னை மறுத்துப் பேசவில்லை. "நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை மடக்கினார். மனு அன்றோடு போயிற்று. ஊருக்குத்தான் உபதேசம் என்று அவர் மனசுக்குள் நினைத்திருந்தால் அதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. என் பேச்சை அவர் நிஜமாகவே நம்பினார். கெட்ட எண்ணத்தோடு எதிர்க்கிறவனை ஊர் அடையாளம் கண்டுகொள்ளும். நடப்பவர் பக்கம் நிற்பதாகப் பேர் வாங்கினவன் 'நடக்காது' என்று சொன்னால், அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போய், "அன்னைக்கு நான் சொன்னது தப்பு சார், மனு எழுதலாம்" என்றேன். "ஏன், என்ன ஆச்சு?" என்றார். விவரமாகச் சொல்லத் துணிவில்லை. மனு இப்போது எழுதியாகிவிட்டது, கையெழுத்துகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. இதனால் நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். கார் வாசலில்தான் நிற்கிறது. தி.நகருக்கு இப்போது ரயிலில் போகிறேன், மழை பெய்தால் போவதில்லை. போன ஞாயிறு தூறல் போட்டது, வெங்காயம் சன்னல் வழியாகத்தான் வந்தது.

தாம்பரம் மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பர் 3 அன்று உருவான மாநகராட்சி அது. புதிய மாநகராட்சி, பழைய வழக்கங்களின் பாரம் அதிகம் இல்லை. சண்முகம் சாலையில் ஒரு பகுதியை மட்டும், ஞாயிறு சாயங்காலம் நாலு மணி நேரம், இரண்டு முனையிலும் தடுப்பு வேலி வைத்து மூடிப் பாருங்கள். கல் பதிக்க வேண்டாம், சிலை வைக்க வேண்டாம், கோடிக்கணக்கில் டெண்டர் விட வேண்டாம். தள்ளுவண்டிக்காரர்களை விரட்டாதீர்கள், அவர்களுக்குக் கோடு போட்டு இடம் கொடுங்கள். முதல் வாரம் வியாபாரிகள் சங்கத்திலிருந்து வருவார்கள், அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், அவர்கள் கவலை நிஜமான கவலை. இரண்டாவது வாரம் என்னைப்போன்ற கார்க்காரர்கள் நாங்கள் வருவோம். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, ஆம்புலன்ஸ், ஜி.எஸ்.டி. நெரிசல், வயசான அம்மாவின் முழங்கால் என்று வரிசையாகச் சொல்வோம். மனுவை வாங்கி ரசீது கொடுத்து அனுப்பிவிடுங்கள். வேலியை மட்டும் எடுக்காதீர்கள்.